ஒன்பதாம் இதழில் மாறிய கை

தோக்கியோவிலிருந்து தொலைநகல் வந்த செவ்வாய்க்கிழமை காலை, அதை வாசித்து முடிக்கும் முன்பே அருள்மலருக்கு விஷயம் விளங்கிவிட்டது. பதிப்பகத்தை நடத்தும் ஹெலன் அந்தத் தாளைச் சுவரில் குத்திவிட்டு எல்லோரையும் வந்து பார்க்கச் சொன்னாள். எல்லோரும் என்றால் ஐந்து பேர். கனடாவின் ஸ்காபரோவில் மிட்லண்ட் வீதியோரம், கார்க் கண்ணாடி மாட்டும் கடைக்கும் கேக் செய்யும் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த அந்தப் பதிப்பகத்துக்கு அதற்கு மேல் ஆள் வைக்க வசதியில்லை. தாளில் மூன்றே வரி. ஒன்பதாம் இதழ் கிடைத்தது. பதினேழாம் பக்கத்திலிருந்து இருபதாம் பக்கம் வரை சயோவின் கை மாறியிருக்கிறது. வியாழக்கிழமை கதாசிரியையின் சார்பில் திருமதி மிசுனோ நேரில் வருகிறார்.

"எந்தக் கை? என்ன மாறியிருக்கிறது?" என்று ஹெலன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டாள். அருள்மலர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எந்தக் கை என்று அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? மாற்றியவளே அவள்தான்.

அவளுடைய வேலை விசித்திரமான வேலை. யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவள், கனடாவுக்கு வந்து இரண்டு வருடம் கோழி வெட்டும் தொழிற்சாலையில் விரல் விறைக்க நின்றுவிட்டு, கடைசியில் இந்த மேசைக்கு வந்து சேர்ந்திருந்தாள். ஜப்பான்காரர்களுடைய சித்திரக்கதைகள் வலமிருந்து இடமாகப் போகும். இங்குள்ளவர்களுக்கு அப்படி வாசிக்க வராது. அதனால் கமரா அறையில் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் மறுபுறமாகத் திருப்பிப் படம் எடுப்பார்கள். திருப்பிய பக்கம் அருள்மலரிடம் வரும். மழைச் சத்தம், துடுப்புச் சத்தம், கதவுச் சத்தம் எல்லாவற்றையும் அந்த ஆட்கள் படத்துக்கு மேலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அவள் அந்த எழுத்தை வெள்ளை மையால் அழித்து, எழுத்து மறைத்திருந்த பலகையையோ அலையையோ தலைமயிரையோ கீறி நிரப்ப வேண்டும். அதற்கு மேல் ஒரு கோடும் கூடாது. ஒரு கோடு கூடினாலும் கதையை வரைந்தவர் உரிமையைத் திருப்பி எடுத்துக்கொள்வார் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே ஹெலன் அந்த வரியை விரல் வைத்து அவளுக்கு வாசித்துக் காட்டினாள்.

கதையின் பெயர் 'உப்புப் படகு'. சயோ என்ற பெண், வாய் பேசாத தகப்பனோடு ஆறுகளின் வழியே படகில் உப்பு ஏற்றிப் போகும் கதை. தொமிகோ அசாகுரா என்ற பெண் இருபத்திரண்டு வயதில், 1968இல், ஒரு வாரப் பத்திரிகையில் அதை வரையத் தொடங்கி ஏழு வருடம் விடாமல் வரைந்தார். பிறகு பதினெட்டுப் புத்தகமாக வந்து வீட்டுக்கு வீடு போனது. அடுத்த வருடமே தொலைக்காட்சியில் ஐம்பத்திரண்டு வாரம் ஓடியது. அதில் முடிவை மாற்றிவிட்டார்கள். 1983இல் நடிகர்களை வைத்துச் சினிமாவாக எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அசாகுரா அம்மையார் பாதியிலேயே எழுந்து போனாராம். அதன் பிறகு பதின்மூன்று வருடம் எவரையும் கிட்ட நெருங்க விடவில்லை. எவ்வளவோ பெரிய பதிப்பகங்கள், பக்கத்தைத் திருப்பாமல் உள்ளபடியே போடுகிறோம் என்று மரியாதையாகக் கேட்டும் மறுத்தவர், திருப்பித்தான் போட முடியும் என்று மன்னிப்புக் கேட்டு எழுதிய ஹெலனுக்கு ஒரே கடிதத்தில் சம்மதம் சொல்லிவிட்டார். ஏன் என்று ஹெலனுக்கு இன்றுவரை தெரியாது. விழுந்த அதிர்ஷ்டத்தைத் தோண்டிப் பார்க்க அவளுக்குத் துணிவும் இல்லை. இந்த வருடம் தை மாதத்திலிருந்து மாதம் ஒரு இதழாக வந்துகொண்டிருந்தது. அந்தப் பதிப்பகம் மூச்சுவிட்டதே 'உப்புப் படகு' தந்த காற்றில்தான்.

கண்ணாடியில் திருப்பினால் வலது இடதாகும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கதையில் இருந்த அத்தனை பேரும் இடக்கைக்காரர் ஆனார்கள். வாள் பிடிக்கிறவன், கடிதம் எழுதுகிறவன், மீன் வெட்டுகிறவள், எல்லோரும். அருள்மலருக்கு அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தியது. அதிலும் அவர்கள் சாப்பிடுகிற பக்கங்கள் வந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் வேலை செய்வாள். ஆனாலும் எட்டு இதழ் வரைக்கும் பல்லைக் கடித்துப் பொறுத்தாள்.

ஒன்பதாம் இதழில் சயோவின் தகப்பன் படகிலேயே சாகிறான். சயோ ஆற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்தி அவன் வாயில் விடுகிறாள். நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு பெரிய கட்டம், நான்கிலும் அந்தக் கை. நான்கிலும் இடக்கை. சாகிற தகப்பனுக்குக் கடைசித் தண்ணீர் இடக்கையாலா? அருள்மலர் தூரிகையை வைத்துவிட்டு எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். போன வருடம் ஐப்பசியில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது நடந்து, வன்னிக்குள் கிடந்து, வவுனியாவால் வெளியேறி, இப்போது கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருக்கும் தன் அப்பா கண்ணில் நின்றார். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. காலில் ஆறாத புண். அங்கே அவருக்கு ஒன்று நடந்தால் தண்ணீர் விடுவதற்குத் தான் பக்கத்தில் இருக்கப்போவதில்லை என்ற நினைப்பு அவளை ஆட்டிவைத்தது. கட்டத்தில் தண்ணீர்ச் சத்தத்தை அந்தக் கைக்கு மேலேயே எழுதியிருந்தார்கள். எழுத்தை அழித்தால் கையை எப்படியும் அவள்தான் கீற வேண்டும். கீறினாள். தோளிலிருந்து சட்டைக்கை, மணிக்கட்டு, ஏந்திய உள்ளங்கை எல்லாவற்றையும் மறுபக்கத்துக்கு மாற்றி, நான்கு கட்டத்திலும் வலக்கையாகவே கீறி முடித்தாள். கீறியபோது மனதுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதிக்கு இப்போது வியாழக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

வேலை போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியாது. அப்பாவையும் அம்மாவையும் ஸ்பொன்சர் செய்திருந்தாள். நிரந்தர வேலையில் இருப்பதாகப் புதிய கடிதம் ஒன்றை இந்த மாத முடிவுக்குள் அனுப்பச் சொல்லிக் கொழும்புத் தூதரகம் எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்காக ஹெலனின் மேசையில் வைத்து நான்கு நாளாகிறது. கேட்கப் போகும்போதெல்லாம் ஹெலன் டெலிபோனில் இருந்தாள்.

பழியைச் சுமத்த ஹெலனுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. வலக்கையாக நிற்கிறதென்றால் அந்த நான்கு கட்டத்தையும் திருப்ப மறந்திருக்கிறார்கள், திருப்புவது கமரா அறை, கமரா அறை பஸ்ரியன். கணக்குச் சுத்தம். பஸ்ரியன் அண்ணை மன்னார்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பகலில் இங்கே, மாலையில் மிசிசாகாவில் விமான நிலையத்தில் துப்புரவு வேலை. ஹெலன் கதவைச் சாத்திவிட்டு அவரோடு பத்து நிமிடம் பேசினாள். வெளியே வந்தவர் நேராக அருள்மலரின் மேசைக்குத்தான் வந்தார்.

"நித்திரைக் கலக்கத்தில விட்டிட்டனோ தெரியேல்லைப் பிள்ளை" என்றார். "ஆவணி மாசம் ரெண்டு வேலையும் ஒண்டாப் போட்டு முறிச்சது. மிசுனோ அம்மாவுக்கு முன்னால மன்னிப்புக் கேக்கட்டாம். பிறகு என்னை நிப்பாட்டப் போறாவாம். ஆளை வேலையால எடுத்திட்டம் எண்டு சொன்னாத்தான் அவையள் நம்புவினமாம்."

அருள்மலர் வாயைத் திறந்தாள். "அண்ணை" என்ற அளவில் சொல் நின்றுவிட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். தான் இவ்வளவு கேவலமானவளா என்று அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பு வந்தது.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். பஸ்ரியன் அண்ணை வந்து எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார். கையில் அந்த நான்கு பக்கத்தின் அச்சுப் பிலிம் இருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"பாரும். படகின்ர மூக்கு இடப்பக்கம் நிக்குது. நிலா இடப்பக்கம். தேப்பன்ர தலை இடப்பக்கம். எல்லாம் ஒழுங்காத் திரும்பித்தான் இருக்கு. கை மட்டுந்தான் மாறி நிக்குது." அவர் குரலைத் தாழ்த்தினார். "உது கமராவால செய்யேலாத வேலை, பிள்ளை."

அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். "அண்ணை, நான் வேணுமெண்டு..."

"நான் ஒண்டும் கேக்கேல்லை. ஹெலனுக்கு உதைக் காட்டவும் மாட்டன். உம்மட கடிதம் முதல்ல கையில வரட்டும். எனக்கென்ன, பிக்கரிங்கில ஒரு அச்சகத்தில ஆள் கேட்டவங்கள். போய்ப் பாப்பன்."

"உண்மையா ஆள் கேட்டவங்களோ?"

"கேப்பாங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் பிலிமை உறைக்குள் போட்டார்.

அன்று பின்னேரம் நான்கு மணிக்கு ஹெலன் அவளைக் கூப்பிட்டு, தாமதத்துக்கு மன்னிக்கச் சொல்லி, கடிதத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். 'நம்பிக்கையும் கவனமும் உள்ள ஊழியர்' என்று அதில் எழுதியிருந்தது. அருள்மலர் நன்றி சொன்னாள். இத்தனை நாளாகத் தவம் கிடந்த கடிதம் கைக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் அதைக் கைப்பைக்குள் வைத்து, இரண்டு கையாலும் பையை இறுக்கிப் பிடித்தபடி போனாள். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரிப்பு போன பிறகுதான் நினைவு வந்தது.

வியாழன் காலை வேலைக்குப் புறப்படும் முன் கொழும்புக்கு டெலிபோன் எடுத்தாள். அங்கே பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. அம்மாதான் பேசினாள்.

"கடிதம் கிடைச்சுதோ பிள்ளை?"

"ஓம் அம்மா. கையெழுத்து வைச்சுத் தந்திட்டினம்."

"அப்ப ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"தடிமன்."

"இண்டைக்கே தபாலில போடு. கொப்பா ஒவ்வொரு நாளும் கேக்கிறார்."

"போடுறன் அம்மா."

தபாற்பெட்டி பஸ் தரிப்பிலேயே இருந்தது. முத்திரை ஒட்டிய உறையும் கையில் இருந்தது. பெட்டியின் வாயைத் திறந்து, உறையைப் பாதிவரை உள்ளே விட்டாள். போட்டால் யாராலும் திருப்பி எடுக்க முடியாது. பஸ்ரியன் அண்ணை வாயைத் திறக்கப் போவதில்லை. பஸ் வந்தது. அவள் உறையை வெளியே இழுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஏறினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திராது.

திருமதி மிசுனோ பத்து மணிக்கு வந்தார். அசாகுரா அம்மையாரின் தங்கை மகள், நாற்பது வயதிருக்கும், சாம்பல் நிற உடை, ஆங்கிலம் மெதுவாக ஆனால் திருத்தமாக வந்தது. ஹெலன் தேநீர் கொடுத்தாள், காலநிலை பேசினாள், பிறகு பஸ்ரியன் அண்ணையைக் கூப்பிட்டாள். அவர் புதிதாக அழுத்திய சேட்டும் கழுத்துப்பட்டியும் போட்டிருந்தார். பூசைக்குப் போகிறவர்போல் வாரிய தலையோடு அவர் வாசலில் நின்றதைத் தன் மேசையிலிருந்து பார்த்தபோது அருள்மலருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, அழைக்காமலேயே உள்ளே போனாள்.

"இவர் திருப்பியது சரி" என்றாள். தன் ஆங்கிலம் அப்படி நடுங்கி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. "கையை மாற்றியது நான். நான்கு கட்டத்திலும் நான்தான் வரைந்தேன். தெரிந்தே வரைந்தேன்."

உறையைப் பிரித்துக் கடிதத்தை எடுத்து ஹெலனுக்கு முன்னால் வைத்தாள். "இது உங்களுக்கு உண்மை தெரியாமல் வைத்த கையெழுத்து."

ஹெலனின் முகம் சிவந்தது. பஸ்ரியன் அண்ணை தமிழில், "உமக்கு விசரே?" என்று முணுமுணுத்தார். திருமதி மிசுனோ தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.

"ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்டார்.

"எங்கள் ஆட்கள் இடக்கையால் சாப்பாடு கொடுக்க மாட்டார்கள். சாகிறவருக்குத் தண்ணீர் கொடுக்கவே மாட்டார்கள். அந்தப் பெண் தகப்பனை அவமதிக்கிறாள் என்று வாசிக்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாதென்று..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது எவ்வளவு நோஞ்சலாக இருக்கிறது என்று தெரிந்தது. "மரியாதைக்காகச் செய்தேன்."

திருமதி மிசுனோ ஒரு தட்டையான பெட்டியைத் திறந்து, மெல்லிய தாளில் சுற்றிய ஒரு பக்கத்தை மேசையில் விரித்தார். அச்சில் வந்தது அல்ல, மூலப் படம். 1968இல் வரைந்தது. சயோ துடுப்புப் பிடித்து நின்றாள். வலக்கை மட்டும் வேறு தாளில் வரைந்து ஒட்டியிருந்தது. ஒட்டு பழுத்து, ஒரு மூலையால் கழன்று நின்றது. மிசுனோ நகத்தால் அதை மெல்ல உயர்த்தினார். அடியில் சயோ துடுப்பை இடக்கையால் பிடித்திருந்தாள்.

"என் பெரியம்மா இடக்கைக்காரி" என்றார் மிசுனோ. "சயோவையும் அப்படியே வரைந்தார். பத்திரிகை ஆசிரியர் அவரிடம் சொல்லாமல் ஒரு ஆளை வைத்து எல்லாக் கையையும் மாற்றி ஒட்டினார். கடையில் பத்திரிகையை வாங்கிப் பார்த்துத்தான் பெரியம்மாவுக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வயது. எதிர்த்துக் கேட்க முடியவில்லை. அதன் பிறகு ஏழு வருடமும் வலக்கையாக வரைந்தார். சயோவுக்கு இடக்கையைத் திருப்பிக் கொடுக்கும்படி தொலைக்காட்சிக்காரர்களைக் கேட்டார், சினிமாக்காரர்களைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கோபித்தது முடிவை மாற்றியதற்காக அல்ல."

ஹெலன் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"நீங்கள் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்று எழுதினீர்கள். திருப்பினால் சயோ இடக்கைக்காரி ஆவாள். ஊர் முழுக்க இடக்கையாகும் என்று பெரியம்மா சிரித்தார், ஆகட்டும் என்றார். இப்போது புதிதாக ஒரு அனிமேஷன் படம் எடுக்கிறார்கள். உங்கள் இதழ்களைப் பார்த்துத்தான் வரைய வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. படக்காரர்கள்தான் கேட்டார்கள், இந்த நான்கு பக்கத்தில் மட்டும் ஏன் வலக்கை என்று." அவர் அருள்மலரின் பக்கம் திரும்பினார். "அந்த ஆசிரியரும் பெரியம்மாவிடம் மரியாதைக்காகத்தான் செய்ததாகச் சொன்னார்."

அருள்மலருக்கு உடம்பு முழுக்கக் கூசியது. வேலை போகும் என்ற பயம் இரண்டு நாளாக அவளைத் தின்றது உண்மை. இது வேறு. முகம் தெரியாத ஒரு பெண்ணின் கையை இருபத்தெட்டு வருடம் கழித்து இரண்டாம் தடவை முறித்தவள் தான் என்பது இப்போதுதான் உறைத்தது.

மிசுனோ தோக்கியோவுக்கு டெலிபோன் எடுத்தார். அங்கே நடுச்சாமம் ஆகப்போகிறது என்றாலும் பெரியம்மா வரைகிற நேரம் அதுதான் என்றார். ஜப்பானிய மொழியில் நெடுநேரம் பேசினார். பிறகு டெலிபோனைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "அந்தக் கை நன்றாக வரைந்திருக்கிறது என்கிறார். யாருடைய கையைப் பார்த்து வரைந்தீர்கள்?"

"என்னுடையதை." அவள் இடக்கையைக் குவித்துக் காட்டினாள். "வலக்கையில் தூரிகை இருந்தது. அதனால் இடக்கையை ஏந்திப் பிடித்துக் கண்ணாடியில் பார்த்து வரைந்தேன்."

மிசுனோ அதைச் சொன்னதும் டெலிபோனுக்குள் ஒரு சிரிப்பு கேட்டது. மேசையின் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற சிரிப்பு. ஹெலனும் சிரிக்கப் பார்த்தாள். மிசுனோ சிரிக்கவில்லை.

"இன்னொன்று கேட்கிறார். உங்கள் தகப்பனார் இருக்கிறாரா?"

"இருக்கிறார். கொழும்பில். சுகமில்லை."

"அவருக்குத் தண்ணீர் விடாய்க்கும்போது உங்களுக்கு இடக்கை மட்டும்தான் இருந்தால், அதால் கொடுத்தால் குடிக்க மாட்டாரா என்று கேட்கிறார்."

அருள்மலர் பதில் சொல்ல வாயெடுத்தாள். லொட்ஜ் அறையில், புண்ணுக்குக் கட்டிய சீலையோடு, 'பிள்ளை எப்ப வருவாள்' என்று அம்மாவை அரித்துக்கொண்டிருக்கும் அந்த மனிதர் கண்முன் வந்தார். எந்தக் கை என்றா பார்ப்பார்?

"குடிப்பார்" என்றாள் தமிழில். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். அழுகிறாள் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

மிசுனோ டெலிபோனை வைத்தார். "அந்த நான்கு கட்டத்தையும் நீங்களே திரும்ப வரைய வேண்டும். வேறு எவரும் தொடக்கூடாது. நாளைக்கு நான் போகும்போது கொண்டுபோவேன். பெரியம்மா சிரித்தார் என்பதால் மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வந்த கையைப் பார்த்துத்தான் சொல்வார்."

"ஒப்பந்தம்?" என்று ஹெலன் கேட்டாள்.

"அதற்கும் கையைப் பார்த்துத்தான் பதில்."

ஹெலன் மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்து முழுதாக ஒருமுறை வாசித்தாள். திருப்பிக் கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. மேசை லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தாள். "முதலில் வரை" என்றாள்.

பஸ்ரியன் அண்ணை புதிதாகத் திருப்பிய நான்கு பக்கத்தையும் ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சேட்டுப் பைக்குள் திணித்திருந்தார். "பதகளிக்காமப் பொறுமையாக் கீறும்" என்றார். ஆனால் போகாமல் பக்கத்திலேயே நின்றார்.

அருள்மலர் தண்ணீர்ச் சத்தத்தை வெள்ளை மையால் அழித்தாள். மை காயும் வரைக்கும் காத்திருந்தாள். முதல் கோடு பிசகியது, அழித்தாள். இரண்டாவதும் பிசகியது. மூன்றாம் தரம் மணிக்கட்டு சரியாக வந்தது, அதிலிருந்து உள்ளங்கை, அதில் ஏந்திய தண்ணீர், கடைசியாகத் தகப்பனின் உதடு. சயோ இடக்கையால் தண்ணீர் விட்டாள். அந்த மனிதர் குடித்தார்.